எரித்த நடுப் பெயர்

பிட்சனுலோக் போக்குவரத்து அலுவலகத்தில் அன்று லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர்களில் பிரேக் பரீட்சையில் முதலில் தேறியவன் கோப்தான். சிவப்பு விளக்கு எரிந்ததும் அவன் கால் அழுத்திய வேகத்தைப் பார்த்து அதிகாரியே தலையசைத்தார். நிறம் சொல்லும் பரீட்சையிலும் பிழையில்லை. வில்லங்கமெல்லாம் ஏழாம் நம்பர் ஜன்னலில் காத்திருந்தது.

கோப் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் தவளை. ஊருக்கும் உறவுக்கும் அவன் பிறந்ததிலிருந்தே தவளைதான்; காகிதத்தில் இருக்கும் பெயரை அரசாங்கத்தைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. அந்த அரசாங்கத்துக்குத்தான் இப்போது குழப்பம். லைசென்ஸில் இருந்தது அப்பா வைத்த புன்லெர்ட். அடையாள அட்டையில் இருந்தது வோரதனாபக். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம் ஜக்ரிட் என்றும் ஒருவன் இருந்தான்.

எல்லாம் அவன் மனைவி லம்யாய் செய்த வேலை. வடக்கே ஒரு மலையூரில் குடியிருந்தபோது வாழைப்பழ வியாபாரம் படுத்துவிட்டது. அவள் ஒரு பிக்குவிடம் போய் ஜக்ரிட் என்ற பெயரை வாங்கி வந்தாள். ஐந்தாம் மாதம் ஜக்ரிட் வண்டியோடு தாமரைக் குளத்தில் இறங்கினான். பிழைத்து, பிட்சனுலோக்குக்குக் குடிவந்ததும் வேறொரு பிக்கு நாள் கணக்குப் பார்த்து, பிறந்த கிழமைக்கு ஆகாத எழுத்து அந்தப் பெயரில் புகுந்துவிட்டது என்றார். அப்படி வந்தவன்தான் வோரதனாபக். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கையிலும் பெயர் மாற்றிய காகிதம் இருந்தது.

ஜன்னலில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். ஜக்ரிட்டை வோரதனாபக் ஆக்கிய காகிதத்தைப் பார்த்தாள், சரி என்றாள். புன்லெர்ட்டை ஜக்ரிட் ஆக்கிய காகிதம் எங்கே என்று கேட்டாள். கோப் பையைக் கவிழ்த்துத் தேடினான். பிறகு லம்யாய்க்குப் போன் போட்டான்.

"அதைக் கோயில்ல ஊதுவத்திச் சட்டியில போட்டு எரிச்சாச்சே," என்றாள் அவள். "பீடை புடிச்ச பேரை யாராவது பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்களா?"

எட்டு மாதம் சும்மா இருந்த கோப்புக்கு மீன் சாஸ் கம்பெனியில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. புது லைசென்ஸிலும் அடையாள அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால் வா, இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறான் என்று மேனேஜர் அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள். என்ன பெயர் என்பதில் அவளுக்கு அக்கறையில்லை. அவள் மகளே இரண்டு தடவை பெயர் மாற்றியவள்.

எரிந்த காகிதத்துக்கு நகல் வேண்டுமானால் அந்த மலையூருக்கே போக வேண்டும் என்றாள் ஜன்னல் பெண். பஸ்ஸில் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும். கோப் ஜன்னலை விட்டு நகராமல் நின்றான். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், காகிதங்களைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. எதிர்ல மாவட்ட ஆபீஸ் இருக்கில்ல? போய் வோரதனாபக்கை மறுபடி புன்லெர்ட்டா மாத்திட்டு, புது அட்டையோட வாங்க. லைசென்ஸ்ல இருக்குறதும் அதே பேருதானே. நான் எதையும் கேக்க மாட்டேன்."

சாமியார் கொடுத்த பெயரம்மா, பெண்டாட்டி கொன்றுவிடுவாள் என்றான் கோப். வீட்டு விவகாரத்துக்கு இங்கே ஜன்னல் கிடையாது என்று அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மாவட்ட ஆபீஸில் விண்ணப்பத்தில் காரணம் எழுதச் சொன்னார்கள். முன்பு இரண்டு முறையும் லம்யாய் சொல்லி எழுதிய அதே வார்த்தையை எழுதினான்: மங்களத்துக்காக. எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றே காலுக்கு ஐந்து வருஷத்துக்கான லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கோப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுத் தெரு வந்ததும் பாவியது.

சாப்பாட்டுக்கு முன் லம்யாய் லைசென்ஸைக் கேட்டாள். புத்தர் படத்துக்கு முன் வைக்க வேண்டுமாம். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. பெயரைப் படித்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூச்சல் வரும் என்று கோப் காத்திருந்தான், வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"அன்னைக்கு உங்களைக் குளத்துலேர்ந்து தூக்கிப் போட்டப்ப மூச்சில்ல," என்றாள். "அதுக்கப்புறம் நீங்க சாவியைத் தொட்டாலே எனக்குக் கைகால் உதறும். அந்தப் பேர் ஒண்ணை நம்பித்தான் உங்களை வாசல் தாண்ட விட்டுட்டு இருந்தேன்."

அவளுடைய பெயர்ப் பைத்தியத்தைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரிக்க வைத்தவன் அவன்தான். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மொத லீவுக்கே போய் மாத்திக்கிறேன், லம்யாய். இப்ப புன்லெர்ட்டுலேர்ந்து நேரா வோரதனாபக்தான். ஒரே காகிதம். நடுவுல அந்த ஜக்ரிட் கிடையவே கிடையாது."

ஜக்ரிட் ஒழிந்தான் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது தெரிந்தது. மூக்கை உறிஞ்சினாள். மொத லீவு எப்போது என்று கேட்டாள். வார லீவான ஞாயிற்றுக்கிழமை மாவட்ட ஆபீஸ் மூடியிருக்கும், வேலை நாளில் லீவு அடுத்த மாதம்தான் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீன் சாஸ் கம்பெனியில் புன்லெர்ட் வேலைக்குச் சேர்ந்தான். மேனேஜர் அம்மாள் அட்டையையும் லைசென்ஸையும் ஒத்துப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு லம்யாய் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாசத்துக்கு மட்டும்தாம்மா," என்றான் கோப்.