கிணற்றுக்கு வந்த நீலப்பட்டு

வந்தவன் பால் தேநீரை உதட்டில்கூட வைக்கவில்லை. நோர்ஜ்மா அதைக் கவனித்தாள். கோபிப் பாலைவனத்தில் பகையாளி வீட்டுத் தேநீரையும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். வட்டார அலுவலகத்து தாவாவோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கூடார வாசல் வழியே கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லைக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் லாரிகளின் புழுதி அதன் மூடிமேல் கறுப்பாகப் படிந்திருந்தது.

"தண்ணி எப்படிண்ணே, தாங்குமா?"

"நூறு ஒட்டகம் குடிச்சாலும் மட்டம் இறங்காது," என்றான் கொம்போ. பெருமை பேச ஆள் கிடைத்துவிட்டால் அவள் புருஷனுக்கு வாய் நிற்காது.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் நோர்ஜ்மா.

"சும்மாதான்க்கா. நல்ல மேய்ப்பர்னு அண்ணனுக்கு ஒரு மரியாதை செய்ய வந்தோம்."

தாவா மரியாதைக்குக் கொடுக்கும் நீலப்பட்டுத் துண்டை விரித்து இரு கைகளிலும் ஏந்தி நீட்டினான். அது வானத்தின் நிறம். நீட்டுகிறவன் எவனாக இருந்தாலும் மறுக்கக் கூடாது, இரு கைகளையும் நீட்டித்தான் வாங்கவேண்டும். கொம்போ தொப்பியைச் சரிசெய்துகொண்டு அப்படியே வாங்கினான். கூட வந்தவன் படம் எடுத்தான்.

பத்தாம் நாள் கிணற்றைச் சுற்றி வேலி போட ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பலகையில் கொம்போ பட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். 'சுரங்கத்துக்குத் தங்கள் கிணற்றை மனமுவந்து அளித்த குடும்பம்.'

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே," என்றான் கொம்போ.

"ரெண்டு கையையும் நீட்டினியே, போதாதா?"

சொன்னாளே தவிர, அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அடுத்த கிணறு ஒருநாள் நடை. அதுவும் எல்லைக் காவல் பகுதிக்குள் இருக்கிறது. அனுமதிச் சீட்டு தாவாதான் தரவேண்டும். முப்பது ஒட்டகங்கள் வெறும் தொட்டியருகே நின்று கத்தின. அவள் பெட்டியைத் திறந்து பட்டை எடுத்தாள். போனைப் புருஷன் கையில் திணித்தாள்.

வேலியைப் பார்வையிட ஜீப்பில் வந்து இறங்கிய தாவாவின் எதிரே போய், பட்டை இரு கைகளிலும் ஏந்தி நின்றாள்.

"தம்பி, உங்களுக்கு ஒரு மரியாதை."

கொம்போ போனைத் தூக்கிப் பிடித்ததை தாவா பார்த்துவிட்டான்.

"படம் எதுக்குக்கா?"

"சும்மாதான். கிணத்தைத் திருப்பிக் குடுத்த அதிகாரின்னு நாலு பேருக்குத் தெரியணும்ல."

வேலி ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். தாவாவின் ஒரு கை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. மற்றது இன்னும் உள்ளேயே இருந்தது. காற்று பட்டின் நுனியைத் தூக்கி அவன் மார்பில் போட்டது.