பத்தொன்பது சிவப்புப் புள்ளிகள்

நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒன்பது வருடமாக நிஜமாகவே வலியோடு இருக்கிற ஒருத்தி வலிக்கிறது என்று பொய் சொன்னால் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இதை நான் கண்டுபிடித்தது போன ஜனவரியில்.

எனக்கு முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் முறை வைத்துக்கொண்டு வீங்கும். அது வருவதற்கு முன் பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பொம்மனஹள்ளியில் இரண்டு அறை வீடு, நாலு பேர். என் வீட்டுக்காரர் முனிராஜ் கம்பெனி வண்டி ஓட்டுகிறார்; வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும். மாமியார் சின்னத்தாயி ஒரு அபார்ட்மெண்டில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பகல் பன்னிரண்டுக்கு வருவார். நாத்தனார் மகாவுக்கு இருபத்தாறு வயது. நான் விட்டு வந்த அதே கார்மெண்ட்ஸில் இப்போது அவள் தைக்கிறாள்.

என் நாட்கள் இரண்டு வகை. கெட்ட நாளில் பல் தேய்க்கிற பிரஷ்கூடக் கையில் நிற்காது. நல்ல நாளில் பதினோரு மணிக்கு விரல்கள் இளகும். மூன்று மணி வரை சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் வீட்டிலும் தெருவிலும் போட்டி. "இன்னிக்கு நல்லா இருக்கியே" என்று யாராவது சொன்னால் பின்னாலேயே ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம். ரேஷன் கடைக்குத் துணை, எதிர்வீட்டு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங், யாரோ வீட்டு வளைகாப்புக்கு நாலு பேரோடு நானும். கெட்ட நாளிலோ யாரும் எதுவும் கேட்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடாமல் நடப்பார்கள். குறை சொல்ல முடியாது, தங்கமானவர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு வரிகூட எழுத வராது.

ஆமாம், நான் எழுதுகிறேன். நாலு கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. வீட்டில் அதைப் பல்லாங்குழி மாதிரி ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். மூன்று வருடமாக ஒரு நாவல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கார்மெண்ட்ஸில் முன்னூறு சட்டைகள் காணாமல் போகின்றன. திருடன் என்று ஒருவனும் இல்லை. அதில் வியாதிக்காரர் யாரும் கிடையாது. வியாதியை எழுதவா நான் இவ்வளவு சிரமப்படுகிறேன்? ஜனவரியில் சென்னைப் பதிப்பகம் ஒன்று முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு, மீதியை ஏப்ரல் கடைசிக்குள் அனுப்பினால் இந்த வருடமே போடலாம் என்று எழுதியது. அந்தக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, நன்றாக விடிந்த ஒரு காலையில், மகா வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "முடியல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அவசரமாகச் சமைத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் படுத்தபடியே செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, ஆள்காட்டி விரலின் முட்டியால் தட்டத் தொடங்கினேன். என் விரல் நுனிகளைவிட அந்த முட்டிக்கு விசுவாசம் அதிகம். மாமியார் எட்டிப் பார்த்தாலும், பாவம், படுத்துக்கொண்டு ஏதோ வீடியோ பார்க்கிறாள் என்று போய்விடுவார். அன்றைக்கு மட்டும் ஆறு பக்கம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அது பழகிவிட்டது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் நான் நன்றாக இருந்த நாட்களில் கிட்டத்தட்டப் பாதி படுத்தே கிடந்தேன். நாவல் ஓடியது.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. டாக்டர் லீனா முன்பே சொல்லியிருந்தார்: ஞாபகத்திலிருந்து சொல்வதெல்லாம் சரிவராது, கெட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள் என்று. அதை மகா செய்துவந்தாள். கேஸ் ஏஜென்சி காலண்டரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நாளுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை நானும் தினமும் பார்த்தேன். கதையில் மூன்று அத்தியாயம் முன்னால் போய் யோசிக்கிற எனக்கு இவை டாக்டரிடம் போகும் என்று தோன்றவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தோன்றாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்பதுதான் சரி.

ஏப்ரல் முதல் வாரம் மகா வேலைக்கு ரஜா போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ரத்த அறிக்கையைப் பார்த்தார். போன தடவை மாதிரிதான் இருக்கிறது, பெரிய மாற்றம் இல்லை என்றார். மகா ஃபைலிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து மேஜையில் விரித்தாள். டிசம்பரில் ஏழு புள்ளி. மார்ச்சில் பத்தொன்பது.

டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். ரத்தம் ஒன்று சொல்லும், உடம்பு ஒன்று சொல்லும்; நான் இந்தத் தாளைத்தான் நம்புவேன், இப்படி ஒழுங்காகக் குறிக்கிற நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்றார். இனி மாத்திரை போதாது, ஊசிக்குப் போகலாம். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். முதலில் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னக் காய்ச்சல் வந்தாலும் ஓடி வர வேண்டும். மகா ஒவ்வொன்றாகத் தன் செல்போனில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள்: "ஊசி போட்டா அண்ணிக்கு நல்லா இருக்கிற நாள் கூடுமா, மேடம்?"

அவள் கேட்ட விதம்தான் என்னை உடைத்தது. தனக்கே வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"டாக்டர், அந்த பத்தொன்பதுல பதினொன்னு பொய்," என்றேன். "அன்னிக்கெல்லாம் நான் நல்லாத்தான் இருந்தேன். எழுதணும்னு படுத்துக்கிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. ஒரு நாவலுக்கு ஊசி போட இருந்தேன் என்றார். சீட்டில் எழுதியதை அடித்துவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதினார். மூன்று மாதம் உண்மையாகக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மகா தாள்களை மடித்து ஃபைலில் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

சிவாஜிநகரில் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இரண்டு பேர் ஆதார் கார்டையும் அவளே நீட்டினாள், இரண்டு சீட்டையும் அவளே வாங்கினாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மடிவாளா தாண்டியது. சில்க் போர்டு சிக்னலில் வழக்கம் போல வண்டி நின்றுவிட்டது.

"எனக்கு டேலி கிளாஸ் இருந்துச்சு," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

அது எனக்குத் தெரியும். தையல் மெஷினை விட்டு ஆபீஸ் பக்கம் போக வேண்டும் என்று சாயங்காலம் கணக்கு சாஃப்ட்வேர் படித்துக்கொண்டிருந்தாள். அது முடிந்துவிட்டது என்று அவளே சொல்லியிருந்தாளே என்றேன்.

"முடியல. பிப்ரவரில விட்டுட்டேன். நீங்க படுத்துட்டா சாயங்காலம் சமைக்க ஆள் வேணும் இல்ல?"

எனக்கு ஒரு சாத்தின கதவு மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் யார் எதை விட்டுவிட்டு நிற்கிறார்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவே கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல அண்ணி? எழுதணும், விடுங்கன்னு."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா மகா?"

வண்டி நாலடி நகர்ந்து மறுபடி நின்றது. அவள் யோசித்தாள். கோபத்தில் இருப்பவர்கள் இவ்வளவு நேர்மையாக யோசிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மாட்டேன்," என்றாள். "நல்லாத்தானே இருக்காங்க, ரெண்டு பாத்திரம் கழுவினா என்னன்னு நெனச்சிருப்பேன்." பிறகு, "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது," என்றாள். ஆகாதுதான்.

அன்று சாப்பிடும்போது எல்லோரிடமும் சொன்னேன். முனிராஜ் முதலில் சிரித்துவிட்டார்; மகாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மாமியார் நாலு நாள் என்னோடு பேசவில்லை. மகாவின் டேலி கிளாஸில் அடுத்த பேட்ச் மறு வாரம் தொடங்க இருந்தது. நல்ல நாட்களில் சாயங்காலச் சமையல் என்னுடையது, கெட்ட நாட்களில் அவள் அம்மாவுடையது என்று பேசி முடித்தோம். பதிப்பகத்துக்கு ஜூலை வரை டைம் கேட்டு எழுதினேன். அனுப்புங்கள், ஆனால் இந்த வருடப் பட்டியலில் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அழுதேன். மகாவிடம் காட்டவில்லை. காட்டினால் அதுவும் ஒரு மாதிரி இரக்க வசூல் ஆகிவிடும்.

அடுத்த நல்ல நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் மகா கேட்டபோது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னறையில் இழுத்துப் போட்டு, மடியில் தலையணையும் அதன் மேல் செல்போனுமாக உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு வரிதான் வந்தது. பொய் சொன்ன நாட்களில் நாலு பக்கம் ஓடியிருக்கும்.

பன்னிரண்டுக்கு மாமியார் கீரைக்கட்டோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்க?"

படுத்துக்கொண்டு ஆயிரம் பொய் சொல்லிவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வதற்கு இவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாது.

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை. அதனாலதான் எழுதறேன்."

கீரைக்கட்டை என் பக்கம் நீட்டிய கையோடு அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தை இழுத்து, தானே ஆயத் தொடங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. காம்புகளை ஒடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய் ஒரு கை கொடுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.