பேரம் பேசாமல் வாங்கிய ஆளுருவம்

பரமலிங்கத்தாருக்குப் பேரம் பேசாமல் வாங்கிய சாமான் செமிக்காது. எண்பத்துமூன்றில் கொழும்புக் கடை எரிந்து, சொந்த ஊரான இறுப்பிட்டிக்கு வந்து சின்னதாய் ஒரு கடை போட்டபோது, அந்தக் குணம் மட்டும் சேதமில்லாமல் கூடவே வந்து சேர்ந்தது. அதனால் நயினாதீவுக் கோயிலடியில் ஒரு வெள்ளித்தகட்டு நாகத்துக்காக அவர் நேர்த்தி உருவங்கள் விற்கிற சீதேவியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்ததை ஒருவரும் புதினமாய்ப் பார்க்கவில்லை.

"அண்ணை, அம்மாளுக்கு வைச்ச நேர்த்தியிலையுமோ இழுபறி?"

"அம்மாளோடை இல்லைப் பிள்ளை, உம்மோடைதான். படமெடுத்த நாகமோ இது? மண்புழு மாதிரிக் கிடக்கு."

பக்கத்தில் நின்ற மனைவி கமலாதேவி சிரித்தாள். அவள் சிரித்துக் கனகாலம்.

நேர்த்திக்கடன் பரமலிங்கத்தாரின் தோலுக்கு. முதுகிலும் தொடையிலும் வருஷக்கணக்காய்ப் படர்ந்த சிவப்புப் படையை எண்ணெயும் பத்தியமும் அசைக்கவில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒரு துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்து, இது படையில்லை, நிணநீர்க் கலங்களிலிருந்து தோலில் வருகிற ஒருவகைப் புற்றுநோய் என்றார். வைத்தியம் கேட்டது. தோல் தெளிந்தது.

டொக்டர் சொன்ன மிச்சத்தைத்தான் பரமலிங்கத்தார் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

"இந்த வருத்தக்காரருக்கு வேறை இடத்திலையும் புற்றுநோய் வாறதுக்கு மற்றவையிலும் பார்க்கச் சந்தர்ப்பம் கூட. வந்தே தீருமெண்டில்லை. ஆனால் இருமல், கட்டி, மெலிவு, எது கண்டாலும் உடனை வாரும். சுருட்டையும் விடும்."

ஒரு சாமான் வாங்க வந்தவன் தலையில் இன்னொன்றையும் கட்டிவிடுகிற வித்தை பரமலிங்கத்தாருக்குத் தெரியாததா? ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

ஆடி மாதம் தொடங்கிய இருமல் இன்னும் விடவில்லை. போன கிழமை சளியோடு இரத்தமும் வந்தது. வாய் துடைத்த லேஞ்சியை மனைவி காணாமல் தானே தோய்த்துக் காயப்போட்டார். டொக்டரின் பேச்சை விட இன்னொன்றுதான் அவரைத் தின்றது. அம்மாளோடு பேசி முடித்தது தோலை மட்டும். இவ்வளவு வியாபாரம் செய்தவன் நெஞ்சை அதில் சேர்க்காமல் விட்டேனே!

கமலாதேவி கால் கழுவப் போனதும் அவர் சீதேவியிடம் திரும்பி வந்தார்.

"பிள்ளை, நெஞ்சு இருக்கோ?"

"கண், கை, கால், வயிறு இருக்கு. நெஞ்செண்டு தனியா அடிக்கிறேல்லை. முழு ஆளுருவம் இருக்கு."

"தாரும்."

கேட்ட விலையைக் கொடுத்து, உருவத்தை வேட்டி மடியில் செருகினார். சீதேவி கையிலிருந்த காசையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குரல் வைத்தாள்.

"அக்கா! ஒருக்கா இஞ்சை வாங்கோ. உங்கடை அவருக்கு ஏதும் ஏலாதோ? நாகத்துக்கு என்னோடை மல்லுக்கட்டினவர், இதுக்கு வாயே திறக்கேல்லை."

கமலாதேவி ஈரக்காலோடு வந்தாள். மடியிலிருந்ததை உருவி எடுத்தாள்.

"ஆருக்கு இது?"

"சும்மா, பொதுவா..."

"பொதுவா நீங்கள் ஒரு நெருப்புப்பெட்டியும் வாங்கினதில்லை."

பதிலுக்கு இருமல்தான் வந்தது. லேஞ்சியை ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. அவள் அதை விரித்துப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

நாகத்தை அம்மாளுக்குக் கொடுத்தார்கள். ஆளுருவத்தை அவள் கொடுக்க விடவில்லை. திரும்பும் வள்ளத்தில் அது அவளுடைய முந்தானை முடிச்சில் இருந்தது.

"இதைப்பற்றி டொக்டர் சொன்னவரோ?"

"சொன்னவர்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

அவர் மடியில் சுருட்டைத் தேடினார்.

"நாளைக்கு அவரிட்டைப் போவம். காட்டிப்போட்டு வந்து இதைக் குடுக்கலாம். அம்மாள் ஓடமாட்டா."

"தீபாவளி கழியட்டும்."

"நாளைக்கு."

"கடையை ஆர் பாக்கிறது? வெள்ளிக்கிழமை போவம்."

"நாளைக்கு."

"றோட்டிலை ஆமி மறிக்கிறானாம்..."

"நாளைக்கு."

இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு சதமும் இறங்காத ஆளை அவர் அன்றுதான் கண்டார். குறிகட்டுவான் இறங்குதுறை கிட்ட வந்துவிட்டது.

"பிந்திப்போனனோ, கமலா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? முதல் பஸ் எத்தினை மணிக்கெண்டு சொல்லுங்கோ."

அந்த பஸ் இப்போது ஓடுவதில்லை என்று ஒரு பொய் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஆறுக்கு," என்றார்.