விடுபட்ட ஏடு

ஆவ் மாதம் ஆறாம் நாள், திங்கள். இன்று ஒரு தவறு கண்டுபிடித்தேன். என் தவறுதான். இருபத்திரண்டாம் ஏட்டை நான் படிக்கவே இல்லை. மீன் குளத்தில் காற்று இயந்திரம் நின்றுபோன சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை. ஓய்வுநாளில் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். இன்றைக்குத்தான் விருந்து.

அம்ராம் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். குடியிருப்பின் முற்றத்தில் அவன் அண்ணன் நிசிம் கரி அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிசிமின் மனைவி மஸால் ஆட்டிறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். பெத் ஷெயான் ஊரின் வெயில் அப்போதுதான் கில்போவா மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது.

பழைய யூத ஆலயம் இடிந்த, ஆவ் மாத ஒன்பதாம் நாளின் துக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதம் பிறந்த மறுநாளிலிருந்து எந்த வீட்டிலும் இறைச்சி இல்லை. பருப்பும் முட்டையும் மீனும்தான். இந்த வாரம் துணி துவைப்பதும் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் முள்தாடியோடு திரிந்தார்கள். குளத்தில் நாள் முழுக்க மீன் பிரிக்கும் வேலை அம்ராமுக்கு. வீட்டுக்கு வந்தால் தட்டிலும் மீன். ஆனால் ஒரு வழி உண்டு. யாராவது மறைநூலின் ஒரு பாகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து முடித்தால் அது விருந்துக்குரிய மகிழ்ச்சி. அந்தப் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு அன்றைக்கு இறைச்சி ஆகும்.

அம்ராம் விரத நாள்களைப் பற்றிய பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். ஜெபக்கூடத்தின் பின்னறையில், வேலைக்குப் போகிறவர்களுக்காக ஊர் மதகுரு ரபி ஹனானியா நடத்தும் மாலை வகுப்பு அது. மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். முதல் நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். வீட்டில் இது யாருக்கும் நம்ப முடியாத செய்தி. ஓட்டுநர் பயிற்சியைப் பாதியில் விட்டவன், மின் வேலைப் படிப்பைப் பாதியில் விட்டவன், கணக்குப் படிப்புக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு வாரம்கூடப் போகாதவன். நிசிம் அவனை அரைவேக்காடு என்றுதான் கூப்பிடுவான். இருபத்தாறு வயதில் ஒன்றையாவது முழுதாக முடிக்க வேண்டும் என்று அம்ராம் ஆசைப்பட்டான். கடைசி நான்கு வரிகளை மட்டும் பந்தியில் எல்லோர் முன்னாலும் படிக்க மிச்சம் வைத்திருந்தான்.

சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று படிக்கட்டில் இறங்கும்போது நினைத்தான். கடைசிப் படியில் அந்த நினைப்பே அவனுக்கு வெட்கமாக இருந்தது. முற்றத்தில் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஹல்ஃபோன் மடக்கு நாற்காலியோடு அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தார்.

“வாங்க பண்டிதரே,” என்றார் ஹல்ஃபோன். “வருஷம் பூரா நம்ம ஊர்ல ஒருத்தன் புஸ்தகத்தைத் திறக்க மாட்டான். இந்த ஒன்பது நாள் வந்தாப் போதும், மூலைக்கு மூலை ஞானிங்க முளைக்கிறாங்க.”

அம்ராம் ரபியைத் தனியே எலுமிச்சை மரத்தடிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான். ரபி தாடியைத் தடவினார். பிறகு, இது பெரிய சிக்கல் இல்லை என்றார். முதல் ஏட்டிலிருந்து பாடம் நடத்தியவர் அவர், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரிகளைப் படித்து முடிப்பை அவரே சொல்லிவிட்டால் எல்லோரும் தாராளமாகச் சாப்பிடலாம், விதிக்கு ஒரு குறையும் வராது.

அம்ராமுக்கு மூச்சு இலேசானது. அடுத்த கணமே மறுபடி கனத்தது.

“அப்ப அது உங்க முடிப்பு, ரபி,” என்றான். “என்னுது இல்ல.”

“இல்லதான். என்ன செய்யணும்னு நீயே சொல்லு.”

அவன் அடுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தான். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டத் தொடங்கியிருந்தது. நாலைந்து நாளாக அந்த வாசனை அறியாத பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவன் முற்றத்தின் நடுவே போய் நின்று, ஒரு ஏட்டை விட்டுவிட்டதையும் ரபி சொன்ன வழியையும் சொன்னான். எல்லோரும் ரபியின் முடிப்பில் சாப்பிடட்டும், தான் உள்ளே போய் அந்த ஏட்டைப் படித்துவிட்டு இன்னொரு நாள் முடிக்கிறேன் என்றான்.

யாரோ சிரித்தார்கள். அண்ணன் வாயிலிருந்து வழக்கமான பேச்சு வரப்போகிறது என்று அம்ராம் காத்திருந்தான். நிசிம் விசிறியைக் கீழே வைத்தான். ஒவ்வொரு கம்பியாக எடுத்துத் தட்டில் அடுக்கினான்.

“என்னங்க பண்றீங்க, பாதிதான் வெந்திருக்கு,” என்றாள் மஸால்.

“தட்டை மூடி வை. டேய் அம்ராம், நீ ஏதாவது ஒண்ணை முடிப்பேன்னு நான் பத்து வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டேனா? போ, புஸ்தகத்தை எடுத்துட்டு வா.”

“அண்ணே, எல்லாருக்கும் பசிக்கும்.”

“பசிக்கட்டும். துக்க மாசந்தானே.”

மஸால் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். பிள்ளைகளுக்கு ரொட்டியும் ஆலிவ் காயும் கொடுத்து உட்காரவைத்தாள். அம்ராம் புத்தகத்தை மேசையில் விரித்தான்; ரபி பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொன்னான். தடுமாறிய இடத்தில் ரபி உடனே எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். மெல்ல மெல்ல நாற்காலிகள் மேசையைச் சுற்றி நகர்ந்து வந்தன. போருக்கும் கொள்ளைநோய்க்கும் எப்போது எச்சரிக்கைக் கொம்பு ஊத வேண்டும் என்ற விவாதத்தில் ஹல்ஃபோன் நடுவில் புகுந்து சந்தேகம் கேட்டார். அதற்கு நிசிம் ஒரு பதில் சொன்னான். அது தவறான பதில்; ஆனால் சரியான கேள்விக்கு வழிகாட்டியது என்று ரபி சொன்னபோது நிசிம் பள்ளிக்கூடப் பையனைப் போல் நெளிந்தான்.

சந்தையில் துயரத்தோடு நிற்பவர்களிடம் வேடிக்கை பேசிச் சிரிக்கவைத்த இரண்டு பேரைப் பற்றிய கதை அந்த ஏட்டில் வந்தது. அவர்களுக்கு மறுமையில் இடம் நிச்சயம் என்று அம்ராம் படித்ததும் ஹல்ஃபோன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப எனக்கு இடம் போட்டாச்சு. நிசிமுக்குத்தான் யாராவது சிபாரிசு பண்ணணும்.”

ஏடு முடிந்தபோது கரி சாம்பல் பூத்திருந்தது. அம்ராம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய், மிச்சம் வைத்த நான்கு வரிகளையும் படித்தான். முடிக்கிறவர்கள் அந்தப் பாகத்திடமே சொல்லி விடைபெறும் வாசகத்தைச் சொன்னான்: உன்னிடம் திரும்பி வருவோம், நீ எங்களை மறவாதே. பிறகு எழுந்து நின்று புகழ்ச்சி ஜெபம் சொன்னான். முற்றம் முழுவதும் ஆமென் என்றது. மஸால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

கரியை மறுபடி மூட்டி இறைச்சியைச் சுட்டார்கள். ஓரங்கள் கருகிவிட்டன, யாரும் குறை சொல்லவில்லை. முதல் துண்டை ரொட்டியில் வைத்து நிசிம் தம்பியிடம் நீட்டினான். நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டான். எதற்கு என்று அம்ராம் கேட்டதற்கு, சும்மாதான் என்றான்.

படுக்கும் முன் அம்ராம் இப்படி எழுதினான்:

முடித்தேன். சில இடங்கள் இன்னும் சரியாக விளங்கவில்லை, ரபியிடம் கேட்க வேண்டும். நாளை குளத்து வேலை மூன்று மணிக்கு முடியும். அங்கிருந்து நேராக ஜெபக்கூடம் போய், துக்க நாளன்று தரையில் உட்காருவதற்கான பாய்களைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்ட வேண்டும். ஏழரைக்கு வகுப்பு, புதிய பாகம்.