நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

சிக்வார்ட் துப்பாக்கியை உடனே கையிலெடுக்கவில்லை. மேசைமேல் கம்பளித் துணியொன்றை விரித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பழைய வேட்டைத் துப்பாக்கிகளை மதிப்பிட்டு விற்றுத் தருவதில் யெம்ட்லாந்து மாகாணம் முழுவதும் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எதிரே அமர்ந்திருந்த ஆல்காட்டுக்கு எழுபத்தாறு வயது. நடுப்பார்வை மங்கிவிட்டதென்று மருத்துவர் எழுதியனுப்பியதால், அவருடைய துப்பாக்கி உரிமம் அந்த மாதத்தோடு முடிகிறது. துப்பாக்கியை விற்றாக வேண்டும்.

உள்ளே தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்தபின் சிக்வார்ட் குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட்டை உருவித் தனியே வைத்தார். குழலுக்குள் விளக்கைப் பாய்ச்சினார். உட்புறம் குடைந்த சுருள் வரிகள் கூர்மையாக இருந்தன, வாய்விளிம்பு தேயவில்லை. திருகுகளைக் கழற்றி, மரத்துக்கடியில் ஒளிந்திருக்கும் துருவைத் தேடினார். அங்கும் எண்ணெயின் மெல்லிய படலந்தான். ஒவ்வொன்றையும் அவர் முணுமுணுத்தபடி குறித்துக்கொள்ள, ஆல்காட் தன் உடம்பையே யாரோ நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்.

மறுபடி எல்லாவற்றையும் பூட்டியபின் சிக்வார்ட் ஓர் எஃகுக் கட்டையை எடுத்தார். தோட்டாவின் வடிவம், ஆனால் மயிரிழை அளவு நீளம் அதிகம். அதை உள்ளே வைத்தால் போல்ட் மூடக்கூடாது; மூடினால் உள்ளே இடைவெளி மிகுதி, சுடுவது ஆபத்து. கைப்பிடி தங்குதடையின்றி இறங்கி மூடிக்கொண்டது. அவர் போல்ட்டை மீண்டும் உருவி, தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணே, துப்பாக்கியில பொறிச்ச எண் நாற்பத்தொண்ணுல முடியுது. போல்ட்டுல நாற்பத்திரெண்டு. இந்த போல்ட் உங்களோடது இல்ல."

நாற்பத்திரண்டு யாருடையது என்று ஆல்காட் கேட்கத் தேவையிருக்கவில்லை. அடுத்தடுத்த எண்ணில் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி, ஒன்றை அவருக்கும் மற்றதைத் தம்பி தூரேவுக்கும் கொடுத்தவர் அவர்களுடைய தகப்பனார். வேட்டைக் குடிலில் இரவு தங்கும்போது எல்லோரும் போல்ட்டைக் கழற்றி ஒரே தகரப் பெட்டியில் பூட்டுவது அவர்கள் வேட்டைக் குழுவின் வழக்கம். பதினொரு வருடங்களுக்கு முன், ஒரு மூஸ் மானை வீழ்த்திய குண்டு யாருடையது என்று அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டையில் தொடங்கிக் கைகலப்பில் முடித்தார்கள். விடிவதற்குள் இருவரும் இருட்டில் பெட்டியைத் துழாவி ஆளுக்கொரு போல்ட்டை எடுத்துக்கொண்டு வெவ்வேறு திசையில் போனார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை.

சுட்டபின் வெளிவரும் தோட்டா உறைகள் சில வருடங்களாக விரிசல் விட்டு வந்ததை ஆல்காட் இப்போது சொன்னார். தோட்டாக்கள் பழசு என்று நினைத்துக்கொண்டாராம். இன்னும் நாலு குண்டு சுட்டிருந்தால் உறை பிளந்து முகத்தில் அடித்திருக்கும் என்றார் சிக்வார்ட். எண் பொருந்தினால் இதற்கு நல்ல விலை கிடைக்கும், பொருந்தாவிட்டால் சுவரில் மாட்டத்தான் ஆகும் என்றும் சொன்னார்.

"தம்பியோட துப்பாக்கி?" என்றார் ஆல்காட்.

"அளந்து பாக்காம எப்படிச் சொல்றது? ஆனா அளக்குறவரைக்கும் அதைச் சுடக்கூடாது."

அன்று சனிக்கிழமை. திங்களன்று வேட்டைப் பருவம் தொடங்குகிறது. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றார் சிக்வார்ட். விலைக்காகப் போடும் நாடகம் என்றுதான் தூரே எடுத்துக்கொள்வான், நேரில் போகத்தான் வேண்டும் என்றார் ஆல்காட். ஏரியைச் சுற்றி நாற்பது நிமிடம். சிக்வார்ட்தான் வண்டியோட்டினார். ஆல்காட் போல்ட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

தூரே முற்றத்தில் நாய்க்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று கண்டும் குழாயை மூடவில்லை.

"பதினொரு வருஷமா வழி தெரியல. இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போல்ட்கள் மாறிப்போனதைச் சிக்வார்ட் விளக்கத் தொடங்கினார். பாதியிலேயே தூரே கையமர்த்தினார்.

"ஓ, விக்கப் போறானா? என்கிட்ட இருக்கறது இல்லாம விலை படியாது. அதுக்குத்தான் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான்."

ஆல்காட் படியருகே சென்றார். பார்வை தடுமாற, காலால் படியைத் தொட்டு உறுதிசெய்துகொண்டபின் துணியை அவிழ்த்து போல்ட்டைப் படியில் வைத்தார்.

"இது உன்னோடது. என்னோடதை நீயே வச்சுக்கடா, எனக்கு வேணாம். ஏரியில போட்டாலும் சரி. அதை உன் துப்பாக்கியில மாட்டி மட்டும் சுடாதே."

திரும்பி நடந்தார். வண்டிவரை போய்க் கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"என்கிட்ட இருக்கற போல்ட் முழுசா இறங்காது," என்றார் தூரே. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால தட்டித்தான் மூடுறேன். மூட்டுவலின்னு நெனச்சேன். குழுவுல சொன்னா, கிழவனை வீட்ல உக்காருன்னுருவானுங்க."

அப்படியானால் முழுதாகப் பூட்டாமலே வெடித்துவிடலாம், அதை ஒரு தடவைகூடச் சுடவேண்டாம் என்று சிக்வார்ட் அழுத்திச் சொன்னார். தூரே வீட்டுக்குள் போனார். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது. மாறிப்போன போல்ட் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

தன் துப்பாக்கியைத் தூரே ஒருபோதும் பிறர் கையில் கொடுத்ததில்லை. சிக்வார்ட் கைநீட்டினார். தூரே அவரைக் கடந்து சென்று, குழல் தரையைப் பார்க்க, அதை அண்ணனின் இரு கைகளிலும் வைத்தார்.

"நீயே பிடி. வண்டியில நானும் வரேன். அளக்குறப்ப ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்."