கோழிகளுக்குக் கேட்காமல்

கூர்முனை கீழே இருக்கும்படி முப்பதாவது முட்டையை ட்ரேயில் வைக்கும்போதுதான் ஜெயப்பிரியாவுக்கு அந்த அலறல் கேட்டது. கூண்டுகளில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே சமயத்தில் மிரண்டு படபடத்தன. மிரண்ட கோழி தீவனத்தைத் தொடாது. மறுநாள் ஓடில்லாத தோல்முட்டை போடும். அதனால்தான் பண்ணையில் யாரும் உரக்கப் பேசுவதுகூட இல்லை.

அலறியது தன் மகள் யுவஸ்ரீ என்று அவளுக்குத் தெரியும். ஏழு வயது, ஆட்டிசம். பிள்ளையைத் தம்மம்பட்டியில் அம்மாவிடம் விட்டிருப்பதாகச் சொல்லித்தான் வேலையில் சேர்ந்திருந்தாள். தினமும் பண்ணைக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று இருந்த வரிசை வீடுகளில், தன் அறைக்குள் வைத்துப் பூட்டி, டிவியைப் போட்டுவிட்டு வருவாள். கரண்ட் போயிருக்க வேண்டும்.

"எவ ஊட்டுச் சத்தம் அது?" சூப்பர்வைசர் காளியண்ணன் வந்து நின்றார்.

"சௌந்திரக்கா ஊட்டுப் பக்கமாட்ட இருக்குதுங்க."

எதிர் வரிசையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்த சௌந்திரம் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே அவளைக் கூண்டுக்கடியில் எரு அள்ளும் வேலைக்கு மாற்றினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஜெயப்பிரியாவுக்கு விடுப்பு. நாமக்கல்லில் ஒரு பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல்முறையாக யுவஸ்ரீயுடன் போனாள். பெஞ்சில் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். அருகே பத்து வயதுப் பெண், விரல்களைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக்கொண்டு.

"உம்புள்ளையுமா கண்ணு?"

"ஆமாங்க்கா."

"தெரியாமப் போச்சே. நானும் ரெண்டு வருசமா அகல்யாவப் பூட்டித்தான் வெச்சிருக்கறேன். அன்னைக்குக் கத்துனாள்ல, அதுலிருந்து வாய்ல துணியக் கட்டிட்டுத்தான் வேலைக்கு வாரேன்."

அகல்யாவின் உதட்டோரத்தில் சிவந்த தழும்பு இருந்தது.

"கத்துனது இவளுங்க்கா," என்றாள் ஜெயப்பிரியா, தரையைப் பார்த்தபடி. "தெரிஞ்சேதான் உங்க பேரச் சொன்னேன்."

சௌந்திரம் மகளின் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். டீச்சர் கொடுத்த மணிகளை யுவஸ்ரீ நிறம் பிரித்து வைக்க, அகல்யா அவற்றை ஒவ்வொன்றாகக் கோக்கத் தொடங்கியிருந்தாள்.

"எருவேலை மத்தியானத்துக்கு மேலதான்," என்றாள் கடைசியில், முகத்தைப் பார்க்காமல். "காலைல இவளயும் நாம்பாத்துக்கறேன். ஊட்டுச் சாவி ஒண்ணு குடு. மத்தியானத்தோட உன் முட்டை வேலை முடிஞ்சிருமில்ல, அப்பறம் நீ பாத்துக்க."

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பண்ணையின் பின்வேலிச் சந்தில் நுழையும்போது, யுவஸ்ரீ ஏதோ சந்தோஷத்தில் வாயைத் திறந்தாள். இரண்டு தாய்மாரின் கைகளும் ஒரே நேரத்தில் அதைப் பொத்தின. மேலே இருந்த கையில் எரு வாடை இன்னும் போகவில்லை.