கற்றுக்கொடுத்தவர்கள்

பொம்மசந்திராவில் எங்கள் தொழிற்சாலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பெயர் முடிவாகிவிட்டதோ, அவரைப் பக்கத்து மேஜைக்காரருக்கு வேலை கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். ஆம்ப்ரோஸ் கற்றுக்கொடுத்தார், போனார். சண்முகம் கற்றுக்கொடுத்தார், போனார். ஒவ்வொரு முறையும் மேனேஜர் க்ளென், "இதுதான் கடைசி" என்பார். மிஞ்சியவர்களுக்கு ஆளுக்கொரு டி-சர்ட் தருவார்கள். அதில் ஒன்றால்தான் வீட்டில் அடுப்பு துடைக்கிறேன்.

திங்கட்கிழமை க்ளென் தியோடரிடம் வந்தார். "சரசுவுக்கு உன் வேலையக் கொஞ்சம் காட்டு. சும்னே, சும்மா ஒரு பேக்கப்புக்கு."

நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பவன் தியோடர். பழுதாகித் திரும்பி வரும் பம்புகளைப் பிரித்துக் கோளாறு கண்டுபிடிப்பவள் நான். வருடக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து மேஜை.

அன்று அவன் எனக்கு முதுகு காட்டியபடியே மெஷினைச் சரிசெய்தான். கடைசியில் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினான்.

"தியோ, உன் வேலை எனக்கு வேணாம்டா."

"சண்முகண்ணன்கிட்ட நானும் இதேதான் சொன்னேன்க்கா. கத்துக்கிட்டேன். அவர் போயிட்டார்."

"நானா கேட்டேன்? அந்த ஆளுதானே..."

"போன வாரம் மேனேஜர் ரூமுக்குள்ள எதுக்குப் போனீங்க?"

"லீவு கேக்க."

அவன் நம்பவில்லை. எனக்கு அவன்மேல் கோபமில்லை. ஒருத்தி ஓர் அறைக்குள் போனதற்குச் சந்தேகக் கணக்குப் போட அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

மதியம் அவன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான்.

சாயங்காலம் க்ளென் வந்தார். "என்ன சரசு, எவ்ளோ கத்துக்கிட்டீங்க?"

எழுந்து நின்றேன். "கத்துக்க மாட்டேன் சார். அனுப்பறதுன்னா அவன் மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க. அதுக்கு எங்கள ஏன் இழுக்கறீங்க?"

சுற்றிலும் யாரும் தலை நிமிரவில்லை. க்ளென் கோபப்படவும் இல்லை, சிரித்தார்.

"பரவால்ல. அப்போ தியோடர், நீ சரசுவோட வேலையக் கத்துக்க."

நான் தியோடரைப் பார்த்தேன். அவனும் முடியாது என்றால் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் சொன்னால் மூன்றாவது ஆளுக்கும் வாய் திறக்கும். அவன் கையிலிருந்த பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகளை இந்த வருடம்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறான். அதுவும் எனக்குத் தெரியும்.

"எப்பலேர்ந்து சார்?" என்றான்.

"பாத்தீங்களா சரசு? இதான் டீம் ஸ்பிரிட்."

"இல்ல சார். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனப்ப வீட்டுச் சாவிய என்கிட்ட நம்பிக் குடுத்தவன் இவன். இவனையே இப்படிப் பண்ணிட்டீங்களே, வெக்கமா இல்ல?"

க்ளென் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளைக்குக் காலையில ஆரம்பி" என்றார், தியோடரிடம்.